ஆற்றங்கரைப் பாதையில் தினமும் சைக்கிள்: எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம்?

கேள்வி இது: "இத்தனை நாள் மெயின் ரோட்டில்தான் வேலைக்குச் சைக்கிளில் போனேன். நகரத்துக்கு நடுவே ஓடும் ஆற்றை ஒட்டி, சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் பொதுவாக ஒரு பாதை போட்டிருக்கிறார்கள். கார், லாரி எதுவும் வராது என்பதால் அதற்கு மாறலாம் என்று இருக்கிறேன். காலையில் போய் இருட்டிய பிறகு திரும்புவேன். பாதுகாப்பாக இருக்குமா? மழைக்காலத்தில் என்ன செய்வது?"

தாராளமாக மாறுங்கள். பத்து வருடத்துக்கு மேலாக இப்படி ஒரு பாதையில்தான் நான் போய் வருகிறேன். லாரிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் தோளை ஒடுக்கிக்கொண்டு மிதித்த காலத்துக்குத் திரும்பிப் போக எனக்கு மனமே வராது. ஆனால் 'கார் இல்லை, அதனால் பயமில்லை' என்ற கணக்கோடு மட்டும் இறங்காதீர்கள். ரோட்டில் ஆபத்து எந்தப் பக்கமிருந்து வரும் என்று உடம்புக்கே தெரியும். காது, கண் எல்லாம் விழித்திருக்கும். ஆற்றோரம் வந்து காற்று முகத்தில் பட்டதும் அந்த விழிப்பு தளர்ந்துவிடுகிறது. இத்தனை வருடத்தில் நான் பார்த்த காயங்களில் பெரும்பாலானவை அந்தத் தளர்ச்சியில் வந்தவைதான்.

இன்னொன்றும் உண்டு. ரோடு நேற்று எப்படி இருந்ததோ ஏறக்குறைய அப்படியேதான் இன்றும் இருக்கும். ஆற்றங்கரைப் பாதை அப்படி இல்லை. தண்ணீர் பெருகினால் ஆறு பரந்து ஓடும் வெள்ளச் சமவெளியில்தான் பெரும்பாலும் இந்தப் பாதைகளைப் போடுகிறார்கள். வீடு கட்ட முடியாத, வேறு யாரும் கேட்காத நிலம் அது. அதனால்தான் நகரத்துக்கு நடுவிலும் இவ்வளவு நீளமாக, குறுக்குத் தெரு அதிகம் இல்லாமல் ஒரு பாதை கிடைக்கிறது. அந்த வசதிக்கு விலை, பாதையின் நிலைமையை ஆறுதான் தீர்மானிக்கும் என்பது. நீங்கள் முதலில் பழக வேண்டியது அதற்குத்தான்.

ஆறு தன் வேலையைக் காட்டும் இடம் பாலத்தடி. மேலே ரோட்டுப் பாலம் போகும். அதன் அடியில் நுழைவதற்காகப் பாதை தாழ்ந்து இறங்கி, மறுபக்கம் ஏறும். வழி முழுவதிலும் தாழ்வான இடம் அதுவாக இருப்பதால் முதலில் மூழ்குவதும் அதுதான், கடைசியில் காய்வதும் அதுதான். தண்ணீர் வடிந்த பிறகு அங்கே வண்டல் படிந்திருக்கும். ஒரு தாள் கனம்தான் இருக்கும். மேல்புறம் காற்றில் உலர்ந்து வெளுத்து, சிமென்ட் தரை போலவே தெரியும். விரலால் அழுத்திப் பார்த்தால் அடியில் சோப்பு மாதிரி வழுக்கும்.

நான் மணிக்கட்டை உடைத்துக்கொண்டது அங்கேதான். மழை நின்று இரண்டு நாள் ஆகியிருந்தது, வானம் தெளிவாக இருந்தது. இறக்கத்தில் வேகமாக வந்தேன், நிழலுக்குள் நுழைந்ததும் தரை நிறம் மாறியிருப்பதைப் பார்த்து முன் பிரேக்கைத் தொட்டேன். தொட்டதோடு சரி. முன்சக்கரம் பக்கவாட்டில் ஓடிவிட்டது. விழுந்தபோது இடது கையை ஊன்றினேன். ஆறு வாரம் கட்டு.

அதற்குப் பிறகு நான் செய்வது இதுதான். பாலத்தடிக்கு இறங்குவதற்கு முன்பே, காய்ந்த தரையில் வேகத்தைக் குறைத்துவிடுகிறேன். வண்டலுக்குள் பிரேக்கும் கிடையாது, அழுத்தி மிதிப்பதும் கிடையாது. ஹேண்டிலை நேராகப் பிடித்து அப்படியே உருளவிட வேண்டும். உடலைச் சாய்த்துத் திரும்பவே கூடாது. சேறு தடிப்பாக இருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போய்விடுவேன், அதில் எந்தக் குறையும் இல்லை. அப்புறம், கறுப்புக் கண்ணாடி அணிபவராக இருந்தால் நுழையும் முன் கழற்றிவிடுங்கள். வெயிலிலிருந்து நிழலுக்குள் போகும்போது கண் பழகுவதற்குள் பாலத்தையே கடந்துவிடுவோம். அந்தச் சில நொடிகளில் தரை தெரியாது.

தண்ணீர் நின்றால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று சொன்னவர்கள் சும்மா சொல்லவில்லை. வேகமாக ஓடும் தண்ணீர் 15 செ.மீ. ஆழம் இருந்தாலே நிற்கிற ஆளைத் தள்ளிவிடும், 30 செ.மீ. இருந்தால் சிறிய காரையே நகர்த்திவிடும் என்பது அமெரிக்க வானிலைத் துறை திரும்பத் திரும்பச் சொல்லும் எச்சரிக்கை. சைக்கிளில் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் சக்கரம் தண்ணீரின் தள்ளலுக்குக் குறுக்கே நிற்கும். ஓடாமல் தேங்கி நிற்கும் தண்ணீரிலும் அடியில் என்ன கிடக்கிறது என்று தெரியாது. மரக்கிளை, உடைந்த கண்ணாடி, மூடி அடித்துப் போன சாக்கடைத் துளை எதுவும் இருக்கலாம். நகரத்து ஆறுகளில் வெள்ளத்தோடு கழிவுநீரும் கலந்து வரும். காலில் சின்னக் கீறல் இருந்தால் போதும், எலிக்காய்ச்சல் கிருமி உள்ளே போய்விடும். வெள்ளச் சேற்றில் விழுந்து சிராய்த்துக்கொண்டால் நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று யோசியுங்கள். ஓரிரு வாரத்துக்குள் காய்ச்சலும் உடம்புவலியும் வந்தால், ஆற்றுச் சேறு பட்டதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

வெள்ளம் வர உங்கள் தலைக்கு மேல் மழை பெய்ய வேண்டும் என்பதில்லை. அமெரிக்காவின் டென்வர் நகரத்தில் செர்ரி க்ரீக் என்ற ஓடையை ஒட்டிய பாதை, நகர மையத்தில் தெருமட்டத்துக்குக் கீழே, இரண்டு பக்கமும் சுவருக்கு நடுவே போகிறது. மேல்பகுதியில் கோடை இடிமழை கொட்டினால் கீழே தண்ணீர் மளமளவென்று ஏறிவிடும். சாக்ரமென்டோவில் அமெரிக்கன் ஆற்றை ஒட்டி ஏறக்குறைய 51 கி.மீ. நீளத்துக்கு ஒரு பாதை உண்டு; மேலே அணையிலிருந்து அதிகமாகத் தண்ணீர் திறந்தால் அதில் தாழ்வான பகுதிகள் மூழ்கும். 2021 செப்டம்பரில் ஐடா புயலின் மிச்சம் வந்தபோது ஃபிலடெல்ஃபியாவில் ஸ்கூல்கில் ஆறு கரைப்பாதையை மட்டுமல்ல, பக்கத்தில் தாழ்வாகப் போகும் நெடுஞ்சாலையையே குளமாக்கியது. ஆகவே வீட்டு வாசலில் நின்று வானத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். உங்கள் ஆற்றுக்கு நீர்மட்ட அளவுகோலின் தகவல் இணையத்தில் கிடைத்தால் காலையில் ஒரு முறை பாருங்கள். பத்து நாள் பார்த்தால், எந்த அளவில் எந்தப் பாலத்தடி மூழ்கும் என்று உங்களுக்கே கணக்கு வந்துவிடும். சுவருக்கு நடுவே போகும் பகுதியில் தண்ணீர் நிறம் மாறிக் கலங்கலாக வந்தாலோ, குச்சியும் இலையும் கூட்டமாக மிதந்து வந்தாலோ, அடுத்த படிக்கட்டில் மேலே ஏறிவிடுங்கள்.

வெள்ளத்துக்காகப் பாதையை மூடி வைத்திருக்கும் தடுப்பைச் சுற்றிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றும் மனது பதறுகிறது. வெளியே தெரியாமல் பாதைக்கு அடியில் மண் கரைந்து போயிருக்கும். மேலே தார் மட்டும் பாலம் மாதிரி நிற்கும். பார்வைக்கு எந்த வித்தியாசமும் இருக்காது.

சரி, மனிதர்கள் விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளம் வருடத்தில் சில நாள்தான். நடப்பவர்கள் தினமும் இருப்பார்கள், அவர்களில் யாருக்கும் அடிபடக் கூடாது.

மணிக்கு 20 கி.மீ. என்பது சைக்கிளில் சாதாரண வேகம். அந்த வேகத்தில் ஒரு நொடிக்கு ஐந்தரை மீட்டர் போவீர்கள். முன்னால் ஒரு குழந்தை குறுக்கே வருகிறது, கண் பார்த்து கை பிரேக்கைப் பிடிக்க ஒரு நொடி என்று வைத்துக்கொண்டால், காய்ந்த தரையில் நிற்பதற்கு மொத்தம் 10 மீட்டர் வேண்டும். 30 கி.மீ. வேகத்தில் அது ஏறக்குறைய 18 மீட்டர். தரை ஈரமாக இருந்தால் இன்னும் கூடும். ஆறு வளைந்து போவதால் பாதையும் வளைந்து போகும். புதரும் பாலத்தூணும் பார்வையை மறைக்கும். பல வளைவுகளில் 10 மீட்டர்கூட முன்னால் தெரியாது. தெரிகிற தூரத்துக்குள் நிற்க முடிகிற வேகம்தான் அந்த இடத்துக்கான வேகம். சாக்ரமென்டோ பாதையில் உச்சவரம்பு மணிக்கு 15 மைல், அதாவது 24 கி.மீ. கூட்டமான நேரத்தில் அதுவே அதிகம் என்பது என் கருத்து.

பெல் கட்டாயம் வேண்டும். அதைவிட முக்கியம் எப்போது அடிப்பது என்பது. முதுகுக்குப் பக்கத்தில் போய் அடித்தால் நடப்பவர் திடுக்கிட்டு எந்தப் பக்கம் துள்ளுவார் என்று சொல்ல முடியாது. 25, 30 மீட்டருக்கு முன்பே ஒரு முறை லேசாக அடியுங்கள். தலை திரும்புகிறதா என்று பாருங்கள். திரும்பவில்லை என்றால் காதில் இயர்போன் இருக்கிறது அல்லது காது கேட்காதவர் என்று எடுத்துக்கொண்டு, நடக்கிற வேகத்துக்குக் குறைத்து, இடைவெளி விட்டுக் கடந்து போங்கள். வயதானவர்களைக் கடக்கும்போது ஒரு கை தூரத்துக்கு மேல் இடம் விடுங்கள். நீங்கள் மோதாவிட்டாலும், பக்கத்தில் உரசிப் போகும் காற்றிலேயே தடுமாறி விழுந்தவர் ஒருவரை நான் தூக்கி உட்கார வைத்திருக்கிறேன். பிறகு அவர் அந்தப் பாதைக்கு வருவதையே நிறுத்திவிட்டார். அது அவருடைய பாதையும்தானே.

நாயோடு வருபவர் பாதையின் ஒரு ஓரத்தில், நாய் மறு ஓரத்தில் என்றால், நடுவில் ஒரு கயிறு இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். நீண்டு சுருங்கும் மெல்லிய கயிறு மாலை வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. குழந்தை, பந்து, வாத்துக்குத் தீனி போடும் கூட்டம் இதெல்லாம் தெரிந்தால் பிரேக்கில் விரலை வைத்துக்கொள்வது போதும். மோட்டார் வைத்த சைக்கிள் வாங்கும் எண்ணம் இருந்தால் இது இன்னும் முக்கியம். மோட்டார் கொடுக்கும் வேகம் காலுக்குச் சுமையாகத் தெரியாததால், எவ்வளவு வேகமாகப் போகிறோம் என்பதே உறைக்காது. ஐரோப்பாவில் பெடலோடு கூடிய சாதாரண மின் சைக்கிளில், 25 கி.மீ. வேகம் வந்ததும் மோட்டார் உதவுவதை நிறுத்திவிட வேண்டும் என்று சட்டம் வைத்திருப்பது சும்மா இல்லை.

பாதையின் அமைப்பையும் ஒரு தடவை கூர்ந்து பாருங்கள். அமெரிக்காவில் இத்தகைய பாதைகளை வடிவமைப்பவர்கள் பின்பற்றும், ஆஷ்டோ என்ற நெடுஞ்சாலை அதிகாரிகள் சங்கத்தின் கையேடு, இருவழிப் பாதைக்கு 3 மீட்டர் அகலம் கேட்கிறது. பாதை விளிம்புக்கும் செங்குத்துச் சரிவுக்கும் அல்லது தண்ணீருக்கும் நடுவே ஒன்றரை மீட்டர் இடம் வேண்டும், இல்லாவிட்டால் கைப்பிடித் தடுப்பு வேண்டும் என்கிறது. பழைய பாதைகள் பலவற்றில் இது இருக்காது. தடுப்பில்லாத விளிம்பில் ஆற்றுப்பக்கம் ஒட்டிப் போக நேர்ந்தால் வேகத்தைக் குறையுங்கள், பக்கத்தில் பேசிக்கொண்டே இருவராகப் போக வேண்டாம். கார் நுழையாமல் இருக்கப் பாதை நடுவே நட்ட கம்பம்தான் என்னை அதிகம் கவலைப்படுத்துவது. முன்னால் போகிறவர் கடைசி நொடியில் விலகுவார், பின்னால் வருகிறவர் நேராகக் கம்பத்தில் இடிப்பார். கூட்டமாகப் போனால் முன்னால் இருப்பவர் கையைக் காட்டி, குரல் கொடுத்துச் சொல்ல வேண்டும். மரப்பலகைப் பாலம், இரும்புத் தகடு, பாலத்தின் இணைப்பு இடுக்கு இவை ஈரத்தில் வழுக்கும். குறுக்காகச் சாய்ந்து கடக்காமல் செங்கோணத்தில் கடந்துவிடுங்கள். உறைபனி விழும் ஊராக இருந்தால், அடியிலும் காற்று படுவதால் பாலத்தின் மேற்பரப்புதான் முதலில் உறையும்.

பாதை ரோட்டைக் குறுக்கே கடக்கும் இடம்தான் முழு வழியிலும் உயிருக்கு ஆபத்தான இடம். அரை மணி நேரம் கார் இல்லாமல் வந்த மனது அங்கே இன்னும் ஆற்றோரமாகவே இருக்கும். திரும்பும் ஓட்டுநர் வாகனம் வரும் திசையை மட்டும்தான் பார்ப்பார். இருவழிப் பாதையில் எதிர்த்திசையிலிருந்து சைக்கிள் வரும் என்று அவருக்குத் தோன்றாது. உங்களுக்கு முன்னுரிமை என்று பலகையே இருந்தாலும், அவர் கண்ணைப் பார்த்து, அவர் நின்றதைப் பார்த்து, அப்புறம் போங்கள்.

இருட்டில் திரும்புவதாகச் சொன்னீர்கள். தெருவிளக்கு இருக்கும் ரோட்டுக்குப் பொருத்தமான சின்ன விளக்கு அங்கே போதாது; தரையில் கிடக்கும் கிளையைக் காட்டும் அளவுக்கு வெளிச்சம் வேண்டும். அதேசமயம் அதை நிமிர்த்தி வைத்து எதிரே வருபவர் கண்ணில் அடிக்காதீர்கள். குறுகிய பாதையில் கண் கூசினால் அவர் உங்கள் மேலேயே வந்து விழுவார். ஜெர்மனியில் சைக்கிள் முன்விளக்கு எதிரில் வருபவர் கண்ணைக் கூசச் செய்யக் கூடாது என்று விதியே உண்டு. அதற்காக ஒளியின் மேல்விளிம்பு வெட்டிவிட்டது போல இருக்கும். அந்த மாதிரி விளக்கு கிடைத்தால் வாங்கிவிடுங்கள். இல்லையென்றால் ஒளி வட்டம் சக்கரத்துக்கு முன் ஏழெட்டு மீட்டரில் தரையில் விழும்படி சாய்த்து வையுங்கள். அந்தி நேரத்தில் தண்ணீரோரம் பூச்சி மேகம் போல நிற்கும். நிறமில்லாத கண்ணாடி ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.

தனிமை பற்றியும் நேராகவே சொல்கிறேன். ஆற்றங்கரைப் பாதைகளில் வெளியேறும் வழி தூரத்துக்கு ஒன்றுதான் இருக்கும். அதனால் எந்த இடத்தில் என்ன நடந்தாலும் உதவி வரவும் நேரமாகும். விபத்து நடந்தால் ஆம்புலன்ஸுக்கு என்ன முகவரி சொல்வீர்கள்? தெருப்பெயர் எதுவும் இருக்காது. பாதையில் கிலோமீட்டர் கல்லோ எண் பலகையோ இருந்தால் கடக்கும்போதே மனதில் படிக்கும் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பாலங்களின் பெயர் வரிசையை மனப்பாடம் செய்துவிடுங்கள். இரவு ஆளரவம் அற்ற பகுதி ஒன்று இருந்தால், அந்த இரண்டு கிலோமீட்டரை மட்டும் ரோட்டில் போய்ச் சேருங்கள். முழு வழியையும் விட வேண்டியதில்லை. அதே நேரத்தில் போகிறவர் ஒருவரோடு பழகிச் சேர்ந்து போக முடிந்தால் அதைவிட நல்லது இல்லை. பாலத்தடியில் வீடற்றவர்கள் தங்கியிருப்பது பல நகரங்களில் உண்டு. இத்தனை வருடத்தில் அவர்களால் எனக்கு எந்தத் தொல்லையும் வந்ததில்லை. நான் விழுந்த அன்று முதலில் ஓடிவந்து சைக்கிளைத் தூக்கியவர் அங்கே தங்கியிருந்தவர்தான். அவர்கள் தூங்கும் இடத்தின் வழியாகப் போகிறோம் என்ற நினைப்போடு மெதுவாகக் கடந்து போங்கள்.

டயர் விஷயத்தில் ஒன்று மட்டும். நெருஞ்சி முள் தெரியுமல்லவா? மஞ்சள் பூவோடு தரையில் படர்ந்து கிடக்குமே, அதேதான். அமெரிக்காவின் மேற்குப் பகுதி ஆற்றுப் பாதைகளில்கூட சைக்கிள்காரர்களுக்கு அது பெரும் தொல்லை. பாதையின் மணல் ஓரம்தான் அதன் இடம். வழிவிடவோ தண்ணீர் குடிக்கவோ ஓரத்து மணலில் சைக்கிளை உருட்டாதீர்கள், தூக்கி வையுங்கள். பஞ்சர் ஆனால் புது ட்யூப் போடும் முன் டயரின் உட்புறத்தை விரல்நுனியால் மெல்லத் தடவிப் பாருங்கள். முள்ளின் நுனி முறிந்து ரப்பருக்குள் நிற்கும், வெளியே தெரியாது. அதை எடுக்காமல் ட்யூப் மாற்றினால் அடுத்த கிலோமீட்டரிலேயே மறுபடி உட்கார வேண்டியதுதான். கொஞ்சம் அகலமான டயர், 35 மி.மீ. போல, இந்தப் பாதைக்கு ரோட்டு டயரைவிடப் பொருத்தம்.

இடி கேட்டால் திறந்த கரையில் நிற்காதீர்கள், தனி மரத்தடியிலும் நிற்காதீர்கள். கட்டிடத்துக்குள் போய், கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துக் கிளம்புங்கள். கோடையில் நிழலில்லாத சிமென்ட் கரையில் தண்ணீர் பாட்டில் ஒன்று போதாது.

இனி மழைக்காலம். போகலாம், ஆனால் இரண்டு வழி தெரிந்து வைத்துக்கொண்டுதான் போக வேண்டும். வேலையில்லாத நாளில் ஒரு முறை முழுப் பாதையையும் மெதுவாகப் போய்ப் பாருங்கள். ஒவ்வொரு பாலத்தடியிலும், இது மூழ்கினால் எந்த ஏற்றத்தில் ரோட்டுக்கு ஏறுவேன், எங்கே திரும்ப இறங்குவேன் என்று பார்த்து வையுங்கள். பாலத்தடியில் இறங்கி நின்று சுவரைப் பாருங்கள். போன வெள்ளம் விட்டுப்போன சேற்றுக்கோடு அங்கே இருக்கும். சில இடத்தில் அது உங்கள் முழங்கால் உயரத்தில் இருக்கும், சில இடத்தில் தலைக்கு மேலே இருக்கும். தலைக்கு மேலே கோடு இருக்கும் பாலங்களின் பெயரை எழுதி வைத்துக்கொண்டு, பெருமழை அறிவித்த நாளில் அந்தத் துண்டை மட்டும் ரோட்டில் கடந்து போங்கள்.